சாட்சி மொக்கம்மாள்

டீ கிளாஸை எதிரே இருப்பவர் கையில் கொடுத்துவிட்டு, அது ஆறுவதற்குள் மொக்கம்மாள் மூன்று கேள்வி கேட்பார். "பேரு என்ன?" "ஒங்க ஆத்தா பேரு என்ன?" "காலையில என்ன சாப்பிட்டீக?" மூன்றுக்கும் பதில் வந்ததும் தன் கிளாஸில் மிச்சமிருப்பதை ஒரே மடக்கில் குடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து நிற்பார். "சரி, இனிமே நீங்க நமக்குத் தெரிஞ்ச ஆளு. வாங்க போவோம்."

போகிற இடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சார்பதிவாளர் அலுவலகம். கம்பம் பள்ளத்தாக்கில் அது எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம். சொன்னால் அழகுமலையின் டீக்கடையில் நாளைக்கு மொக்கம்மாள் நிம்மதியாக உட்கார முடியாது. நிலம் எழுதிக் கொடுக்கிறவர் இன்னார்தான் என்று சொல்ல இரண்டு சாட்சி வேண்டும். ஊரை விட்டுப் போய்ப் பிழைப்பவர்கள் விற்க வருகிறார்கள், ஊரையே பார்த்திராதவர்கள் வாங்க வருகிறார்கள். இவர்களுக்கு உள்ளூரில் சாட்சி எங்கே கிடைக்கும்? மொக்கம்மாள் கிடைப்பார். போன வருஷம் வரை கையெழுத்துக்கு முந்நூறு ரூபாய், ஒரு டீ.

காசு முன்னே பின்னே ஆகலாம், டீ இல்லாமல் நடக்காது. உள்ளே அதிகாரி "இவங்களைத் தெரியுமா?" என்று கேட்பார், "தெரியும் சார்" என்று சொல்ல வேண்டும். முகமே பார்க்காத ஆளைத் தெரியும் என்று சொன்னால் பொய்யாகிவிடும். பொய் சொன்னால் வாய் வெந்துபோகும் என்று மொக்கம்மாள் மனதார நம்புகிறார். ஆத்தா பேரும் காலைச் சாப்பாடும் தெரிந்துவிட்டால் அது பொய்யில்லை. "எங்கூடப் பெறந்தவ இன்னைக்கு என்ன சாப்பிட்டான்னே எனக்குத் தெரியாது. இவுக கம்பங்கூழு குடிச்சாகன்னு தெரியுது. அப்ப யாரை எனக்கு நல்லாத் தெரியும்?" என்று கேட்பார். பத்திர எழுத்தர் இம்மானுவேல் சட்டம் படித்தவர். அவரே இதைக் கேட்டுவிட்டு அடுத்த பத்திரத்தை எடுத்துக்கொள்வார்.

வயது ஐம்பத்தெட்டு. ஒடிசலான உடம்பு, ஊருக்கே கேட்கிற குரல். தோளில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. அதற்குள் ஆதார் அட்டையின் நகல்கள், ஒரு நீலப் பேனா, வெற்றிலை. கையெழுத்தை அறிவொளி வகுப்பில் கற்றுக்கொண்டார். கொம்பு போட்டு, மானா போட்டு, கால் வாங்கி, புள்ளி ஒவ்வொன்றையும் கோலப்புள்ளி மாதிரி அழுத்தி வைத்து முடிக்க முழுசாக ஒரு நிமிடம் ஆகும். பின்னால் டோக்கனோடு நிற்கிறவர்கள் முணுமுணுத்தால் பேனாவைத் தூக்கிவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். அப்புறம் அந்த எழுத்தை இன்னும் மெதுவாக எழுதுவார்.

இந்தத் தொழிலுக்கு அவர் விரும்பி வரவில்லை. இருபது வருஷம் பன்னீர் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டினார், கொடி கட்டினார், குலை அறுத்தார். ஒருநாள் தோட்டக்காரர் மூன்று ஏக்கரையும் பிளாட்காரர்களுக்கு விற்றார். சாட்சிக்கு வருவதாகச் சொன்ன மச்சினன் வராமல் போக, கூலி வாங்க ஆபீஸ் வாசலுக்கே வந்து நின்ற மொக்கம்மாளைப் பார்த்து, "நீ கையெழுத்துப் போடுவேல்ல, இங்கன ஒன்னு போடு" என்றார். போட்டார். தன் வேலை போவதற்குத் தானே சாட்சி போட்டதற்கு முந்நூறு ரூபாய் கிடைத்தது. ஒரு நாள் கூலி ஒரு நிமிடத்தில் வந்ததைப் பார்த்து மறுநாளும் அங்கேயே வந்து நின்றார். எட்டு வருஷமாயிற்று.

இந்த எட்டு வருஷத்தில் புறவழிச்சாலை வந்தது. வாழைத் தோப்பும் திராட்சைப் பந்தலும் போய் மஞ்சள் கல் நட்ட மனைகள் வந்தன. சென்ட் விலை பத்து மடங்கானது. இம்மானுவேல் எழுதித் தரும் துண்டுச் சீட்டில் முத்திரைத்தாள், எழுத்துக் கூலி, ஜெராக்ஸ் என்ற வரிசையில் கடைசியாக 'ஆபீஸ் செலவு' என்று ஒன்று இருக்கும். அதுவும் நிலத்தோடு சேர்ந்து ஏறியது. அதைக் கொடுக்காதவர் பத்திரத்தில் அப்பா பேருக்கு ஒரு புள்ளி குறையும், தாத்தா பேரில் ஒரு கால் கூடும். மொக்கம்மாளுக்கு அதெல்லாம் அதிசயமில்லை. பத்திரத்தில் பதினெட்டு லட்சம் என்று எழுதிவிட்டு, காரின் பின்சீட்டில் எழுபது லட்சம் கைமாறுவதைப் பார்த்திருக்கிறார். "பத்திரத்துல இருக்க வெலை சாமிக்கு, பையில இருக்க வெலை ஆசாமிக்கு" என்பார். ஏறாதது அவருடைய முந்நூறு மட்டும். இத்தனை ஏக்கருக்குச் சாட்சி போட்டவர் பேரில் ஒரு அங்குலம் கிடையாது. ஊர் நத்தத்தில் தகரக் கூரை போட்ட ரெண்டு சென்ட், அதற்கும் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் கான்கிரீட் வீட்டுக்கு மனுப்போட முடியவில்லை. ஒவ்வொரு மழைக்கும் தகரத்தின் மேல் ஒரு கல் கூடுதலாக ஏறும்.

போன ஐப்பசியில்தான் அந்த அக்கம்மாள் வந்தார்.

கூட்டிக்கொண்டு வந்தவன் தரகன் ஈஸ்வரபாண்டி. நாற்பது வயது, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு போன். மொக்கம்மாளைச் சித்தி என்றுதான் கூப்பிடுவான். கூடலூர்ப் பக்கமிருந்து ஜீப்பில் ஒரு பெண்பிள்ளையை இறக்கினான். புதுச் சேலை, மடிப்புக் கலையவில்லை. காலில் பழைய ரப்பர் செருப்பு. புறவழிச்சாலையை ஒட்டி ஒன்றேகால் ஏக்கர். சொந்தக்காரி அக்கம்மாள் புருஷன் செத்தபின் முப்பது வருஷத்துக்கு முன்பே கேரளா ஏலத்தோட்டத்துக்குப் போனவர். இப்போது விற்க வந்திருக்கிறார் என்றான்.

மொக்கம்மாள் டீ வாங்கிக் கொடுத்துக் கேள்வியைத் தொடங்கினார்.

"பேரு என்னத்தா?"

"எம் பேரு அக்கம்மாள். புருசன் பேரு வீரணன். சர்வே நம்பர் நானூத்திப் பன்னெண்டுல மூணு பீ. மேக்க வாய்க்கா, கெழக்க ரோடு." பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல மூச்சு விடாமல் வந்தது.

"கேக்காததெல்லாம் சொல்றயே. ஆத்தா பேரு?"

அந்தப் பெண் முழித்தார். பத்திரத்தில் அப்பா பேர் இருக்கும், புருஷன் பேர் இருக்கும். ஆத்தா பேர் எந்தப் பத்திரத்திலும் இருக்காது. அதனால் அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "முத்துப்பேச்சி" என்றார் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு.

"காலையில என்ன சாப்பிட்ட?"

"பரோட்டா. நாலு. வாங்கிக் குடுத்தாக." அதைச் சொல்லும்போது மட்டும் முகம் மலர்ந்தது.

மொக்கம்மாள் வெற்றிலை துப்பப் போகிறவர்போல் எழுந்து பின்னால் போனார். அங்கிருந்து, "ஏ அக்கம்மா!" என்று கூப்பிட்டார். ஊருக்கே கேட்கிற குரல். டீ ஆற்றிக்கொண்டிருந்த அழகுமலை திரும்பினான். பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர் திரும்பினார்கள். அக்கம்மாள் திரும்பவில்லை. "ஏ அக்கம்மா, டீ ஆறுதுல்ல!" மறுபடியும் அழகுமலைதான் திரும்பினான்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காதோடு கேட்டார். "உம்மையான பேரு என்னத்தா?"

"பூமாரி" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் கைகளை மொக்கம்மாள் அப்போதுதான் பார்த்தார். விரல் நுனிகள் வழுவழுவென்று தேய்ந்து கிடந்தன. வருஷக்கணக்காக ஏலக்காய் பறித்த கை. ஆபீஸில் ஆதார் ரேகை பார்க்கிற மெஷினில் வைத்தால் ரேகை விழாது. அசல் அக்கம்மாள் யார் என்று மெஷின் சொல்லாது, மொக்கம்மாள்தான் சொல்ல வேண்டும். ஈஸ்வரபாண்டி ஆளைத் தேடவில்லை, விரலைத் தேடியிருக்கிறான்.

அவன் ஒன்றும் மறைக்கவில்லை. வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்ப் பதறாமல் பேசினான்.

"சித்தி, அந்த அசல் பொம்பளை எங்கன இருக்கோ, உசுரோட இருக்கோ இல்லையோ. நெலம் முப்பது வருசமாச் சும்மா கெடக்கு. வித்தா எத்தனை பேருக்குச் சோறு? எழுத்தருக்கு, ஆபீசுக்கு, மனை பிரிக்கிறவகளுக்கு, வீடு கட்டுற கொத்தனாருக்கு, நம்ம அழகுமலை டீக்கடைக்கு. இதுக்குப் பேருதான் சித்தி வளர்ச்சி."

"ஒனக்கு?"

"எனக்குப் பத்து லட்சம். ஒங்களுக்கு அஞ்சாயிரம். அதுக்கு மேல ஒன்னு சொல்றேன் கேளுங்க. ஒங்க பட்டா. கிராமத்து ஆபீசுல நம்ம ஆளு இருக்கான். பத்தே நாள், பைசாச் செலவில்லாம வீட்டுக்கு வந்துரும்." சொல்லிக்கொண்டே ஆயிரம் ரூபாயை முன்பணமாக மஞ்சள் பைக்குள் திணித்தான்.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் மொக்கம்மாளே மறைப்பதில்லை. "பட்டான்னதும் எனக்குக் காது அடைச்சிருச்சு. தகரத்துக்குப் பதிலா மச்சு கண்ணு முன்னாடி வந்துருச்சு" என்பார். ரோட்டைத் தாண்டும்போதும் முடிவு செய்யவில்லை. படியேறும்போதும் இல்லை. பூமாரி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தார், பல் பிடுங்கப் போகிறவர் மாதிரி.

உள்ளே ரேகை மெஷின் ஐந்து தடவை சிவப்பு விளக்கைக் காட்டியது. பூமாரி கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைத்தார். விரல் மாற்றி விரல் வைத்தார். "ரேகை எடுக்கலை சார்" என்றான் கம்ப்யூட்டர்க்காரன். வழக்கமாகத் தலை நிமிராமல் கேட்கிற சார்பதிவாளர் அன்றைக்கு நிமிர்ந்தார்.

"சாட்சி யாரு? நீங்களா? இவங்களைத் தெரியுமா?"

"தெரியும் சார்."

ஈஸ்வரபாண்டி மூச்சு விட்ட சத்தம் கேட்டது.

"எத்தனை வருஷமா?"

'சின்னப் புள்ளையில இருந்து' என்பதுதான் எல்லோரும் சொல்கிற பதில். மொக்கம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்.

"ஒன்னே முக்கா மணி நேரமா சார்."

"என்னம்மா?"

"பத்தரைக்கு டீக்கடையில பாத்தேன். நல்ல பொம்பளை சார். ஆத்தா பேரு முத்துப்பேச்சி. காலையில நாலு பரோட்டா சாப்பிட்டிருக்காக. பேருதான் டீக்கு முன்னாடி ஒன்னு, டீக்குப் பின்னாடி ஒன்னு சொல்றாக."

சார்பதிவாளர் ஈஸ்வரபாண்டியைப் பார்த்தார், இம்மானுவேலைப் பார்த்தார், மூலையில் இருந்த கேமராவைப் பார்த்தார். போலீஸுக்குச் சொன்னால் விசாரணை வரும். விசாரணை வந்தால் இம்மானுவேலின் துண்டுச் சீட்டின் கடைசி வரியும் வெளியே வரும். அவர் பேனாவை மூடினார். "சர்வர் டவுன். நாளைக்கு வாங்க." பக்கத்து மேசையில் அதே சர்வர் கடகடவென்று வேறொருவர் பத்திரத்தை அச்சடித்துக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் ஈஸ்வரபாண்டி கையை நீட்டினான். "அந்த ஆயிரத்தை எடுங்க."

"எதுக்குலே குடுத்த?"

"சாட்சி சொல்ல!"

"சொன்னேன்ல?"

அவன் ஜீப்பில் ஏறி, கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போய்விட்டான். கூட்டிக்கொண்டு வந்த ஆளை மறந்துபோனான். பூமாரி புதுச் சேலையோடு ரோட்டோரம் நின்றார். மொக்கம்மாள் அவரைக் கூட்டிப்போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்.

"எதுக்குத்தா இதுக்கெல்லாம் சம்மதிச்ச? பிடிச்சிருந்தா உள்ள வச்சிருப்பாகல்ல?"

"எஸ்டேட்டுல நாங்க இருக்க லயத்து வீட்டு ஓடு பேந்துபோச்சுக்கா. ரெண்டாயிரம் தாரேன்னாக. பேரை மட்டும் மாத்திச் சொல்லுன்னாக. பேருல என்ன இருக்கு? அங்கன மலையாளத்தாளுக எல்லாரும் என்னைய, தமிழ்க்காரின்னு, 'ஏய் பாண்டி'ன்னுதான் கூப்பிடுறாக." பூமாரி ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சினார். "ஆனா ஒன்னு சொல்றேன், சிரிக்காதீக. வர்ற வழியில அந்த நெலத்தைக் காட்டுனாக. இதான் ஒன் நெலம், நல்லாப் பாத்துக்கன்னாக. மேக்க வாய்க்கா, கெழக்க ரோடு. ஜீப்பு தாண்டுற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்தேங்கா."

மொக்கம்மாள் சிரிக்கவில்லை. ஆயிரத்தில் ஐந்நூறைப் பிரித்து அவர் கையில் வைத்துக் குமுளி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

அடுத்த மூன்று மாதம் ஒரு தரகரும் மொக்கம்மாள் பக்கம் திரும்பவில்லை. அழகுமலை மட்டும் பெஞ்சில் இடம் விட்டு வைத்தான். அவர் பீன்ஸ் பறிக்கப் போனார். குனிந்து நிமிர இடுப்பு கேட்கவில்லை. "உம்மை பேசுனதுல ஒரு லாபம், வெயில்ல நின்னு கறுத்துட்டேன். ஆதார் அட்டையில இருக்க போட்டோவுக்கு இப்பத்தான் ஒத்துப்போறேன்" என்று சொல்லிக்கொண்டார்.

மாசி பிறந்ததும் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் எட்டு சென்ட் வாங்க வந்தார். எல்லாம் பேசி முடித்தபின் இம்மானுவேலிடம், "அந்தப் பரோட்டாக்கார அம்மா சாட்சி போடுவாங்களா? அவங்க போட்டாத்தான் எனக்கு நம்பிக்கை" என்றார். கதை பள்ளத்தாக்கைத் தாண்டிப் போயிருந்தது. அப்புறம் மதுரைக்காரர் ஒருவர் கேட்டார். துபாயிலிருந்து போனிலேயே ஒருவர் கேட்டார். பங்குனிக்குள் மொக்கம்மாளின் கையெழுத்து ஆயிரம் ரூபாயானது. நல்ல மனையாக இருந்தால் ஆயிரத்து ஐந்நூறு. ஒருநாள் ஈஸ்வரபாண்டியும் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"சித்தி, இது அசல். சத்தியமா அசல்."

"உக்காரு. ரெண்டு டீ சொல்லு. வடையும் சொல்லு."

தொழில் வளர்ந்தால் போட்டியும் வளரும். இப்போது மற்றச் சாட்சிக்காரர்களும் ஆத்தா பேர் கேட்கிறார்கள். தரகர்களும் ஆத்தா பேரைச் சொல்லிக்கொடுத்தே கூட்டிவருகிறார்கள். அதனால் மொக்கம்மாள் நான்காவதாக ஒரு கேள்வி வைத்திருக்கிறார். அது என்ன என்று இம்மானுவேலுக்கே சொல்லவில்லை.

சித்திரையில் பட்டா வேலையில் தானே இறங்கினார். கிராமத்து ஆபீஸ் உதவியாள் எட்டாயிரம் கேட்டான். மொக்கம்மாள் தன் புது வரும்படியில் சேர்த்ததை எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு டீக்கடையில் வந்து உட்கார்ந்து தலையைத் தலையை ஆட்டினார். "பொய் சொல்லியிருந்தா ஓசியில வந்திருக்கும் அழகுமலை. உம்மை சொன்னதால காசு குடுத்து வாங்குறேன். பாத்துக்க, உம்மைக்கு எவ்வளவு செலவுன்னு."

அதோடு முடியவில்லை. அந்த இடத்தில் அவர்தான் குடியிருக்கிறார் என்று சொல்ல உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். அழகுமலை ஒருவன். இன்னொருவன் தானாகவே வந்தான். விசாரித்த அதிகாரி, "இந்தம்மாவை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டபோது ஈஸ்வரபாண்டி பெருமூச்சு விட்டான்.

"தெரியும் சார். தெரியாம இருந்திருந்தா எனக்குப் பத்து லட்சம் மிச்சம்."

போன வாரம் அளக்க வந்தார்கள். சர்வேயர் ஒரு இளம்பெண், தலையில் தொப்பி, காலில் கான்வாஸ் ஷூ. மொக்கம்மாள் இளநீர் வெட்டி வைத்திருந்தார். அந்தப் பெண் வேண்டாம் என்றார். மொக்கம்மாள் பணம் வைத்த கவரை நீட்டினார். "அய்யோ, எதுக்கும்மா? இது என் வேலை" என்று சர்வேயர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மொக்கம்மாளுக்குக் கலக்கமாகிவிட்டது. அழகுமலை பக்கம் சாய்ந்து, "வேண்டாங்குறாகளே, அளவு சரியா வருமா?" என்று கேட்டார்.

"ஆத்தா, டேப்போட இந்த முனையைக் கெட்டியாப் புடிச்சுக்கங்க" என்றார் சர்வேயர்.

மொக்கம்மாள் சுவரோரமாகக் குந்தி, முனையை மண்ணோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார். சர்வேயர் அந்தக் கோடிவரை போனார், குனிந்தார், எண்ணைச் சொன்னார். கூட வந்தவர் எழுதிக்கொண்டார். இப்படியே நாலு பக்கமும் அளந்ததில் ரெண்டு சென்ட்டும் சொச்சமும் வந்தது.

"முடிஞ்சதும்மா, விடலாம்" என்று சர்வேயர் டேப்பைச் சுற்ற ஆரம்பித்தார். டேப் வரவில்லை. விறைத்துக்கொண்டு நின்றது. "ஆத்தா, விடுங்க. அளந்தாச்சு."

மொக்கம்மாள் மெல்ல எழுந்தார். கையைத்தான் எடுத்தார். டேப்பின் முனை அவருடைய குதிகாலுக்கு அடியில் இருந்தது.